சீட்டித் துணி போட்ட நாற்காலி

நாற்காலிக்குத் துணி மாத்தணும்னா இன்னிக்கு நமக்கு இருக்கற கவலை ரெண்டு மூணுதான். கலர் திரைச்சீலையோட ஒத்துப்போகுமா, மீட்டர் என்ன விலை, வாண்டு சாம்பாரைக் கொட்டினா துடைச்சா போகுமா. "அண்ணே, இந்தத் துணியைப் போட்டா கேஸ் ஆகுமா?"ன்னு கடைக்காரரை யாரும் கேக்கறதில்லை.

லண்டனில் ஒரு காலத்தில் அதையும் கேட்டிருக்க வேண்டியிருந்தது. 1722 டிசம்பர் 25-லிருந்து, பூப்போட்டு அச்சடித்த அல்லது வண்ணம் தீட்டிய பருத்தித் துணியை இங்கிலாந்தில் யாரும் உடுத்தக் கூடாது. கட்டில், நாற்காலி, மெத்தை, ஜன்னல் திரை எதற்கும் போடக் கூடாது. பார்லிமெண்டில் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய சட்டம் மக்களே, மாமியார் போட்ட சட்டம் இல்லை :-)

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது நம்ம பக்கத்துத் துணி. மசூலிப்பட்டணம், பழவேற்காடு, மதராஸ், சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம்னு சோழமண்டலக் கரை நெடுக நெய்து, வண்ணம் தீட்டி, கப்பல் ஏறின துணி. ஒரு நாற்காலி மெத்தைக்கு எந்தத் துணி போடுவது என்கிற கேள்வி எத்தனை பேர் சோற்றில் கை வைக்கும் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியோட உட்காருங்க.

சீட்டிக்கு முன்னாடி

முதல்ல, சீட்டி போவதற்கு முன்னால் இங்கிலாந்து நாற்காலிகளில் என்ன இருந்தது?

பெரும்பாலும் கம்பளி. "டர்க்கி வொர்க்"னு ஒரு வகை. பேர்தான் துருக்கி, வேலை உள்ளூரிலேயே. துருக்கிக் கம்பளம் மாதிரி கம்பளி நூலை முடிச்சுப் போட்டு நெய்து, அதை நாற்காலி அளவுக்கு வெட்டி, பித்தளை ஆணி வைத்து அடிப்பார்கள். கெட்டியான சரக்கு. அடுத்தது தோல். சாப்பாட்டு அறைக்கு அதுதான் தோது, சிந்தினால் துடைத்துவிடலாம். பணக்கார வீடுகளில் பட்டு, வெல்வெட், டமாஸ்க்.

ஒவ்வொன்றிலும் ஒரு வில்லங்கம். கம்பளியைப் பூச்சி அரிக்கும். பட்டு வெயில் பட்டால் வெளுக்கும், தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும். கம்பளியும் டமாஸ்க்கும் சாப்பாட்டு வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும். ராபர்ட் ஆடம் என்கிற பெரிய கட்டடக்கலைஞர், சாப்பாட்டு அறையில் டமாஸ்க்கும் திரைத்துணி அலங்காரமும் வேண்டாம், உணவு வாசம் அதில் தங்கிவிடும் என்று 1773-ல் எழுதியே வைத்தார். நேற்றைய மீன் குழம்பு இன்றைய விருந்தாளிக்குத் தெரியக் கூடாதுங்கற அதே கவலைதான்.

அப்புறம் 1660களில் கிழக்கேயிருந்து பிரம்பு போய் இறங்கியது. நம்ம தாலுகா ஆபீஸ் நாற்காலியில் பார்ப்போமே, கண் கண்ணாகப் பின்னின ஆசனம், அதேதான். லேசு, விலை குறைவு, பூச்சி இல்லை, தூசி தங்காது. லண்டனில் பிரம்பு நாற்காலி பரபரவென்று விற்க ஆரம்பித்தது.

கம்பளிக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. 1680களின் கடைசியில் பார்லிமெண்டுக்கு மனுப் போட்டார்கள். பிரம்பு வருவதற்கு முன் ஆண்டுக்கு ஐயாயிரம் டஜன் டர்க்கி வொர்க் நாற்காலி விற்றது, இப்போது வியாபாரம் படுத்துவிட்டது, பிரம்பு நாற்காலியைத் தடை செய்யுங்கள் என்று. பிரம்பு நாற்காலிக்காரர்கள் எதிர் மனுப் போட்டார்கள்: எங்கள் நாற்காலி உழைக்கும், லேசானது, தூசியும் புழுவும் அந்துப்பூச்சியும் அண்டாது, அதனால்தான் சனங்கள் வாங்குகிறார்கள் என்று. பிரம்பு தப்பித்தது.

கம்பளிக்காரர்களுக்கு அந்த நாட்டில் இருந்த செல்வாக்கு லேசுப்பட்டது இல்லை. நூற்றாண்டுக் கணக்காக இங்கிலாந்தின் முதன்மை ஏற்றுமதியே கம்பளிதான். பிரபுக்கள் சபைத் தலைவர் உட்காரும் ஆசனத்துக்குப் பெயரே 'வூல்சாக்', அதாவது கம்பளி மூட்டை. (1938-ல் அதைச் சரிபண்ண எடுத்துப் பிரித்தபோது உள்ளே இருந்தது குதிரை முடி! அப்புறம் ஒழுங்காகக் கம்பளி அடைத்தார்கள். மெத்தை தைக்கக் கொடுத்துவிட்டு உள்ளே என்ன அடைத்தார்கள் என்று பார்க்காமல் வாங்கி வந்தவர்களுக்கு இது ஆறுதல்.) 1666-லும் 1678-லும் போட்ட சட்டங்கள் அதைவிட ஒரு படி மேல். செத்தவரைப் புதைக்கும்போது கூட கம்பளித் துணிதான் சுற்ற வேண்டும். பிணத்தையே விடாதவர்கள் நாற்காலியை விடுவார்களா?

சீட்டி வந்த கதை

சீட்டிப் பாவாடை, சீட்டித் துணி என்று நம்ம பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீங்க. மெல்லிசான பருத்தியில் பூப்பூவாய் அச்சடித்தது. ஆங்கிலத்தில் 'சின்ட்ஸ்' என்கிறார்களே, டச்சில் 'சிட்ஸ்', எல்லாம் ஒரே சொல்தான். வடக்கே 'சீண்ட்' என்பார்கள், நமக்குச் சீட்டி. புள்ளி தெளித்தது, வண்ணம் தெளித்தது என்கிற பொருளில் கிளம்பின வார்த்தை.

மதராஸில் கோட்டை கட்டுவதற்கு 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இடம் பிடித்ததற்கே துணிதான் முக்கியக் காரணம். முதலில் அவர்கள் சோழமண்டலத் துணியை வாங்கி, இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து மிளகும் மசாலாவும் வாங்கினார்கள். துணியை ஊருக்கே கொண்டுபோய் விற்கலாம் என்ற யோசனை பிறகு வந்தது. ஆனால் நம்ம ஆட்கள் தீட்டின சிவப்புத் தரை அவர்கள் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைத் தரையில் நடுவே பூவும் கொடியும் வருகிற மாதிரி செய்யச் சொல்லி 1643-லேயே லண்டனிலிருந்து கடிதம் வந்தது. கொஞ்ச காலத்தில் மாதிரிப் படங்களையே அனுப்ப ஆரம்பித்தார்கள். வெள்ளைத் தரையில் வளைந்து வளைந்து ஏறுகிற மரம், அதில் உலகத்தில் எந்தச் செடியிலும் பூக்காத பூக்கள்: இதைத்தான் 'அசல் இந்திய டிசைன்' என்று அங்கே கொண்டாடினார்கள். வாடிக்கையாளர் கேட்டதை நம்ம ஓவியர் தன் கையில் வரும்படி போட்டுக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். பாதி லண்டன், பாதி மசூலிப்பட்டணம்.

1663 செப்டம்பரில் சாமுவேல் பீப்ஸ் தன் டைரியில், மனைவியின் புது அறைச் சுவருக்கு வண்ணம் தீட்டிய இந்தியத் துணி வாங்கினதை எழுதியிருக்கிறார். இருபது வருஷத்தில் அது சுவரிலிருந்து இறங்கி நாற்காலிக்கு வந்துவிட்டது. 1680களில் கம்பெனி இயக்குநர்கள் இந்தியாவுக்கு அனுப்பிய ஓர் ஆர்டர் இருக்கிறது. நூறு கட்டில்களுக்கு வண்ணம் தீட்டிய திரைகள் வேண்டும். ஒவ்வொரு கட்டிலோடும் அதே வேலைப்பாட்டில் 12 நாற்காலி மெத்தைகள் வேண்டும். கணக்குப் போடுங்க, ஒரே ஆர்டரில் 1,200 நாற்காலிகள்! இன்றைக்கு 'செட்டா எடுத்துக்கோங்க மேடம்' என்கிறார்களே, அந்த வியாபாரம்தான்.

துவைத்தாலும் போகாத சாயம்

அழகுக்காக மட்டும் இந்தத் துணியை எடுத்தார்கள் என்று நினைத்தால் பாதிதான் சரி. இன்னொரு பாதி: இதைத் துவைக்கலாம்.

அன்றைய ஐரோப்பாவில் பருத்தியில் பூப்போடத் தெரிந்தவர்கள் எண்ணெயில் குழைத்த வண்ணத்தை மேலே அச்சுக் குத்தினார்கள். நனைத்தால் போச்சு. நம்ம துணியில் வண்ணம் நூலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். எப்படின்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா விஷயம் இங்கேதான் இருக்கு.

1. துணியை நன்றாக வெளுத்து, கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்ததில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் பிறகு தீட்டுகிற கோடு ஊறிப் பரவாது. அப்புறம் கட்டையால் தட்டி வழவழப்பாக்குவார்கள்.

2. படம் வரைந்த தாளில் ஊசியால் துளை போட்டு, அதைத் துணிமேல் வைத்துக் கரிப்பொடி தட்டுவார்கள். நம்ம வீட்டுப் புள்ளிக்கோல அச்சு மாதிரி.

3. மூங்கில் கலத்தால் கோடு இழுப்பார்கள். கறுப்பு வர வேண்டிய இடத்தில் இரும்பை ஊறவைத்த நீர். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீர். படிகாரத்துக்கு நிறமே கிடையாது. எங்கே தீட்டினோம்னு கண்ணுக்குத் தெரிய ஏதாவது சாயம் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள்.

4. துணியைச் சாயவேரோடு சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். இங்கேதான் மந்திரம். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு கெட்டியாகப் பிடிக்கும். மற்ற இடத்தில் லேசாக ஒட்டினது சாணித் தண்ணீரில் அலசி வெயிலில் போடப் போட வெளுத்துவிடும்.

5. நீலம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் தேன்மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். மெழுகை வெந்நீரில் உருக்கி எடுத்ததும் பச்சைக்காக நீலத்தின் மேலேயே மஞ்சளைத் தீட்டுவார்கள்.

மஞ்சள் மட்டும் நிற்காது. அதனால்தான் மியூசியங்களில் இருக்கும் பழைய சீட்டிகளில் இலைகள் நீலமாகத் தெரிகின்றன. தீட்டினவர் நீல இலை போடவில்லை. முந்நூறு வருஷத்தில் மஞ்சள் போய்விட்டது, அவுரி நிற்கிறது.

சாயவேர் என்று சொன்னேனே, கடலோர மணலில் வளர்கிற சின்னச் செடி. இம்பூறல் என்றும் பெயர். சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் வளர்ந்தால் சிவப்பு தூக்கலாக வரும். டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் இந்த வேர் தோண்டும் உரிமையையே தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் நாற்காலியின் சிவப்புப் பூவுக்கு மன்னார் மணலில் ஒருவர் குனிந்து வேர் தோண்ட வேண்டியிருந்தது.

ஒரு துணி இத்தனை கை மாறணும்: நூற்றவர், நெய்தவர், வெளுத்தவர், வேர் தோண்டினவர், கோடு போட்டவர், மெழுகு பூசினவர், அவுரித் தொட்டிக்காரர். இதில் ஒருவர் பெயரும் எந்த நாற்காலியிலும் இல்லை.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நடந்த கலவரம்

இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் என்ன நடந்தது?

லண்டனின் கிழக்கே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ். பட்டு நெசவாளர் பேட்டை. பிரான்சில் மதத் துன்புறுத்தல் தாங்காமல், முக்கியமாக 1685-க்குப் பிறகு, ஓடிவந்த ஹியூகனாட் அகதிகள் நிறையப் பேர் அங்கே தறி போட்டார்கள். பணக்கார வீடுகள் பட்டை விட்டுச் சீட்டிக்குப் போனால் இவர்கள் தறி நின்றுவிடும். கம்பளிக்காரர்கள் முதலாளிகள், அரசியல் பலம் உள்ளவர்கள். பட்டுக்காரர்கள் அன்றாடங்காய்ச்சிகள். ரெண்டு பேரும் ஒரே பக்கம் சேர்ந்தார்கள்.

1697-ல் நெசவாளர் கூட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தையே தாக்கியது. 1700-ல் சட்டம் வந்தது. 1701 செப்டம்பர் 29-லிருந்து, இந்தியாவில் வண்ணம் தீட்டின பருத்தியை இங்கிலாந்தில் பயன்படுத்தத் தடை. இறக்குமதி செய்து வேறு நாட்டுக்கு அனுப்பலாம், உள்ளூரில் விற்கக் கூடாது.

ஆனால் சட்டத்தில் ஓட்டை. வெள்ளைத் துணி இறக்குமதி செய்யத் தடையில்லை. அதை வாங்கி லண்டனிலேயே அச்சடித்து விற்க ஆரம்பித்தார்கள். 1708-ல் டேனியல் டிஃபோ (ஆமாம், ராபின்சன் குரூசோ எழுதியவரேதான்) தன் பத்திரிகையில் புலம்புகிறார். சாதாரண மக்கள் உடுத்தினது ராணி வரைக்கும் போய்விட்டது. வீட்டுக்குள் புகுந்து திரை, மெத்தை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. கம்பளியும் பட்டும் இருந்த இடமெல்லாம் இந்தியத் துணி என்று.

1719 கோடையில் ஆயிரக்கணக்கான நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். சீட்டி உடுத்தின பெண்களைத் துரத்தி உடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள், அமிலமும் வீசினார்கள். படிக்கும்போது மனசு ரெண்டாகிறது. தறி நின்றுபோன வீட்டின் பசி நிஜம். தெருவில் நடந்து போன பெண்ணின் மேல் அமிலம் ஊற்றினது கொடுமை. பசி எப்பவும் பக்கத்தில் இருக்கிறவர் மேல்தான் பாயும். கம்பெனி இயக்குநர்கள் வீட்டு நாற்காலியைக் கிழிக்க அவர்களால் முடியாது.

1721-ல் இரண்டாவது சட்டம். இதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். எங்கே அச்சடித்தது என்ற கேள்வியே இல்லை. பூப்போட்ட பருத்தி என்றாலே தடை. உடுத்தினால் 5 பவுண்டு அபராதம், விற்றால் 20 பவுண்டு. ஐந்து பவுண்டு என்பது அன்றைய நெசவாளிக்குப் பல வாரக் கூலி. விதிவிலக்கு சில இருந்தன. முழுக்க நீலச் சாயம் போட்ட துணிக்குத் தடையில்லை. ஃபஸ்டியன் எனப்படும் லினனும் பருத்தியும் கலந்த துணிக்கும் இல்லை. இந்தக் கடைசி விதிவிலக்கை ஞாபகம் வச்சுக்கோங்க.

துணிக்காகக் காத்திருந்த நாற்காலிகள்

சட்டம் போட்டால் ஆசை போய்விடுமா? பிரான்சில் 1686 முதல் 1759 வரை இதே தடை. அந்தக் காலத்திலேயே பதினைந்தாம் லூயியின் காதலி மேடம் பாம்படோர் தன் மாளிகையில் தடை செய்யப்பட்ட துணியை வைத்திருந்தார். மேலே இருக்கிறவங்களுக்குச் சட்டம் எப்பவுமே கொஞ்சம் தளர்வுதானே.

இங்கிலாந்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை டேவிட் காரிக் கதை. அன்றைய லண்டன் நாடக மேடையின் சூப்பர் ஸ்டார். கல்கத்தாவிலிருந்த ஆங்கிலேயர்கள் அங்கே நாடக அரங்கம் தொடங்க அவர் உதவி செய்தார். நன்றிக்கடனாக அவர்கள் காரிக்கின் மனைவி ஈவாவுக்கு அனுப்பி வைத்தது சோழமண்டலச் சீட்டி. தேம்ஸ் கரையில் ஹாம்ப்டனில் இருந்த வீட்டின் படுக்கையறைக்கு அதை வைத்து அலங்காரம் செய்ய ஏற்பாடு. கட்டிலும் மற்ற சாமான்களும் தாமஸ் சிப்பண்டேலின் கடையிலிருந்து. மரவேலை உலகத்தில் இவர் பேரைத் தெரியாதவர் இருக்க முடியாது. நாற்காலி ஆசனத்துக்கு ஜன்னல் திரையின் அதே துணியைப் போடலாம்னு 1754-ல் வந்த தன் மாதிரிப் புத்தகத்திலேயே சொன்னவர். (இவரும் சுங்கத்துக்குத் தப்பவில்லை. 1769-ல் பிரான்சிலிருந்து அறுபது நாற்காலிச் சட்டங்களை விலை குறைத்துக் காட்டிக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டார்!)

சுவருக்குக் காகிதம் தயார். நாற்காலி தயார். அப்போது சுங்க அதிகாரிகள் வந்து துணியை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

1775-ல் காரிக், கருவூலச் செயலாளர் சர் கிரே கூப்பருக்குக் கடிதம் எழுதினார். மனைவி படுகிற துயரத்தைச் சொல்லி, காகிதமும் நாற்காலியும் இந்தத் துணிக்காகவே தயாராகி நிற்கின்றன, கொஞ்சம் தயவு பண்ணுங்கள் என்று. மகா நடிகர், துணிக்காக நகைச்சுவையும் அழுகையும் கலந்து ஒரு சின்ன நாடகமே போட்டிருக்கிறார். அந்தக் கட்டிலும் சீட்டியும் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. யாருக்கு வந்தது, யார் செய்தது, யார் பறித்தது, எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. தீட்டினவருக்கு மட்டும் இல்லை.

தடை பெற்றெடுத்த பிள்ளை

இந்தத் தடையெல்லாம் கம்பளியையும் பட்டையும் காப்பாற்றியதா? அங்கேதான் வேடிக்கை.

ஃபஸ்டியன் விதிவிலக்கு சொன்னேனே, லினன் பாவு, பருத்தி ஊடை. அதில் அச்சடிக்கலாம் என்று 1736-ல் இன்னொரு சட்டம் தெளிவாக்கியது. லங்காஷயரில் அந்தத் தொழில் கொழிக்க ஆரம்பித்தது. இந்தியத் துணி உள்ளே வராத சந்தை, அச்சுத் துணிக்கு அலைகிற வாடிக்கையாளர்கள். புதுத் தொழிலுக்கு இதைவிட நல்ல தொட்டில் கிடைக்குமா?

தொழில் ரகசியமும் போய்ச் சேர்ந்தது. 1734 வாக்கில் புதுச்சேரியில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, சீட்டி செய்கிற ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு ஒட்டி வைத்தார். 1742-ல் கூர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார், தன்னிடம் மதம் மாறிய ஓவியர்களைக் கேட்டு முழுச் செய்முறையையும் ஊருக்குக் கடிதமாக எழுதிவிட்டார். கடுக்காய், எருமைப்பால், படிகாரம், எல்லாம். நம்பிக்கை வைத்துச் சொன்னவர்களுக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருக்க வழியில்லை. இதே காலத்தில், 1734-ல்தான் மதராஸில் கம்பெனி நெசவாளர்களையும் ஓவியர்களையும் குடியேற்றிச் சின்னத் தறிப் பேட்டையை உண்டாக்கியது. அதாங்க, நம்ம சிந்தாதிரிப்பேட்டை. ஒரு கை பேட்டை கட்டுகிறது, இன்னொரு கை செய்முறையை எழுதிக்கொண்டு போகிறது.

1752-ல் அயர்லாந்தில் பிரான்சிஸ் நிக்சன் செப்புத் தகட்டில் செதுக்கித் துணியில் அச்சடித்தார். பெரிய பெரிய படங்கள், திரைக்கும் நாற்காலிக்கும் அளவெடுத்த மாதிரி. 1760-ல் ஓபர்காம்ஃப் பிரான்சில் ஜூயி என்ற ஊரில் அச்சுக்கூடம் போட்டார். 1774-ல் ஆர்க்ரைட் மனுப்போட்டு வாங்கின சட்டத்தால் இங்கிலாந்தில் நெய்த சுத்தப் பருத்தியில் அச்சடிக்கத் தடை நீங்கியது. உள்ளூர்த் துணி என்று அடையாளம் தெரிய, கரையில் மூன்று நீல நூல் ஓட வேண்டும். காரிக் வீட்டுச் சீட்டி இதற்கு அடுத்த வருஷமும் சட்டவிரோதமாகவே இருந்ததன் காரணம் புரிகிறதா? தடை நீங்கியது அவர்கள் துணிக்கு. நம்ம துணிக்கு இல்லை.

1783-ல் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். 1869-ல் சாயவேரில் இருக்கும் அதே அலிசரின் சிவப்பைத் தாரிலிருந்து செய்து விற்க வழி பிறந்தது. 1897-ல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. மன்னார் மணலில் வேர் தோண்டுகிறவருக்கு இனி வேலை இல்லை.

என்னைக் கேட்டால், நம்ம ஓவியரைச் சாய்த்தது 1701-ம் இல்லை, 1721-ம் இல்லை. தடை இருந்தவரை வேறு நாட்டுச் சந்தைகளுக்குத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார். தடை கொடுத்த அவகாசத்தில் வளர்ந்த இயந்திரம்தான் அவரைச் சாய்த்தது. கடைசியில் மான்செஸ்டர் சீட்டி மலிவு விலையில் நம்ம ஊருக்கே வந்து இறங்கியது. ராணிகள் ஆசைப்பட்ட துணியின் பெயர், ஆங்கிலத்தில் 'சின்ட்ஸி' என்றால் மலிவான, ரசனையற்ற என்று ஆனது. தமிழில் சீட்டிப் பாவாடை என்றால் ஏழை வீட்டுப் பெண் உடுத்துவது என்று ஆனது. ரெண்டு மொழியிலும் ஒரே சரிவு.

முழுக்கச் செத்துவிடவில்லை. காளஹஸ்தியில் 1950களில் பயிற்சி தொடங்கிக் கலம்காரியைக் காப்பாற்றினார்கள். நம்ம தஞ்சைப் பக்கம் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டையில் தேருக்குத் தொம்பை, கோயிலுக்குத் தோரணம், குடை என்று தீட்டி வந்திருக்கிறார்கள். கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாம அண்ணாந்து பார்த்த துணியை அவங்க உட்கார்ந்து தேய்ச்சிருக்காங்கன்னு நினைச்சா சிரிப்பா இருக்கு.

சரி, இன்னிக்கு எந்தத் துணி எடுக்கறது?

வரலாறு படிச்சதுக்கு ஏதாவது பிரயோஜனம் வேணுமில்லையா. பழைய ஆட்கள் செய்ததிலிருந்து நான் எடுத்துக்கொண்டது:

* கலம்காரியை உட்காருகிற இடத்தில் அடிக்காதீங்க. இன்று கிடைக்கிற பெரும்பாலான கலம்காரி சட்டைத் துணி கனம்தான். தினமும் உட்கார்ந்தால் ஒரு வருஷத்தில் இழை விட்டுவிடும். முதுகுப் பக்கத்துக்கு, கழற்றித் துவைக்கிற மாதிரி உறைக்கு, தலையணைக்கு அருமை. பழைய பிரபு வீடுகளிலேயே நல்ல டமாஸ்க் நாற்காலிக்கு மேல் கட்டம் போட்ட துணியில் உறை போட்டு வைத்திருந்தார்கள், விருந்து அன்றைக்கு மட்டும் கழற்ற.

* ஆசனத்துக்கு நெருக்கமாக நெய்த கனமான துணி. கடையில் 'மார்ட்டிண்டேல்' எண் கேளுங்க. துணியைத் தேய்த்துத் தேய்த்து எத்தனை சுற்றில் நைகிறது என்று பார்க்கும் சோதனை. வீட்டுக்கு 20,000 இருந்தால் தாராளம். 1940களில் இதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? இங்கிலாந்துக் கம்பளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கம்! விடமாட்டாங்க போல.

* பெரிய பூ எடுத்தால் துணி அதிகம் வேண்டும். ஆசனம் ஒன்றுக்கு 60 செ.மீ. சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 137 செ.மீ. அகலத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு வெட்டலாம். ஆறு நாற்காலிக்கு 1.8 மீட்டர் போதும். ஆனால் அகலத்துக்கு ஒரே ஒரு பெரிய பூ, அது 64 செ.மீ.க்கு ஒருமுறை வருகிறது, ஒவ்வொரு ஆசனத்திலும் நடுவில் உட்காரணும் என்றால், ஒரு வரிசைக்கு ஒன்றுதான் வெட்ட முடியும். 3.84 மீட்டர். இரண்டு மடங்குக்கு மேல்.

* வெட்டுவதற்கு முன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்க. சாயம் ஒட்டினால் வேண்டாம்.

* கம்பளி கலந்தது எடுத்தால் அந்துப்பூச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பருத்தியை அது தொடாது.

* ஒன்றும் ஒத்துவரவில்லையா? பிரம்பு இருக்கவே இருக்கு. நம்ம புழுக்கத்துக்கு அதை மிஞ்சினது இல்லை. 1680களிலேயே ஜெயிச்ச கேஸ் அது.

கலம்காரி வாங்கினால் கையில் தீட்டினதா, மரக்கட்டை அச்சா, மில்லில் ஸ்கிரீன் போட்டதா என்று கேட்டு வாங்குங்க. மூன்றுக்கும் விலை வேறு, உழைப்பு வேறு. தீட்டினவர் நேரில் விற்றால் பெயரைக் கேட்டு எழுதி, உறையின் உள்பக்கம் தைத்து வைங்க. காரிக் வீட்டில் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.

உங்க வீட்டு நாற்காலியில் என்ன துணி இருக்கு? சீட்டிப் பாவாடை கட்டின பாட்டி கதை யாரிடமாவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. குதிரைமுடி மெத்தை, அதன்மேல் ஸ்பிரிங் வந்தது, ரெக்சின் வந்தது எல்லாம் தனிக் கதை. நேரம் கிடைச்சா இன்னொரு பதிவில் பார்ப்போம்.